கந்தப்பன் ரிக்கின் இரண்டாவது விளக்கு

கத்தி முனை கறுப்புக் கேபிளின் மேல்தோலைச் சுற்றி ஒரு கோடு போட்டது. அழுத்தம் கூடினால் உள்ளே இருக்கும் செப்புப் பின்னல் அறுந்துவிடும். குறைந்தால் தோல் கழலாது. வலது கை கத்தியை அசையாமல் பிடித்துக்கொள்ள, இடது கை கேபிளை மட்டும் சுழற்றியது. தோல் கழன்று வந்ததும் விரல்கள் பின்னலைப் பிரித்து ஒரு பக்கமாக முறுக்கின. நடுக்கம்பியை அதில் ஓர் இழைகூடத் தொடக் கூடாது. தொட்டால் ஒயர்லெஸ் செட்டின் பலமெல்லாம் அங்கேயே செத்துப்போகும், காற்றில் ஏறாது.

பிறகு ஈயம். சொட்டு விழுந்து பளபளவென்று பரவியதும் கை அப்படியே நின்றது. ஊதவில்லை. ஊதி ஆற்றிய ஈயம் மங்கலாகிப் பிடிப்பு விட்டுவிடும். அது தானாக ஆறிய பின், மெழுகு தடவிய நூலை மூட்டின் மேல் நெருக்கி நெருக்கிச் சுற்றி, கடைசிச் சுற்றை முந்தைய சுற்றுக்கு அடியில் நுழைத்து இழுத்தன அந்த விரல்கள். டேப் ஒட்டவில்லை. லாரி பேனட்டின் சூட்டில் டேப்பின் பசை உருகி ஒழுகும், நூல் ஒழுகாது.

கைகளுக்குரியவர் ரஹமத்துல்லா. திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டின் மேல் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருந்தவர். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு. ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் ரிக் வண்டி ஒன்றில் ஒயர்லெஸ் செட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அதே வண்டிக்கு அதே வேலையை அவர் செய்வது இரண்டாவது தடவை. முதல் தடவை கைதான் அவருடையது. வேலையைச் செய்தது பொறாமை.

பொறாமைக்கு ஒரு பெயர் இருந்தது. வீரபாகு.

இருவரும் இளவயதில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டைனமோ கடையில் ஒரே பெஞ்சில் எதிரெதிராக உட்கார்ந்து வேலை செய்தவர்கள். மெழுகு நூல் கட்டுவது அந்தக் கடையின் பழக்கம். பிறகு ரஹமத்துல்லா திருச்செங்கோட்டுக்கு வந்து லாரிகளுக்கு ஒயரிங் செய்தார். வீரபாகு சேலத்திலேயே தங்கி ரேடியோ, அப்புறம் ஆம்ப்ளிஃபயர், அப்புறம் ஒயர்லெஸ் என்று போனான். இப்போது ஐந்து ரோடு பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கடை. வெள்ளைச் சட்டை, கையில் பெட்டி. திருச்செங்கோட்டு ரிக்காரர்கள் அவனை "என்ஜினியர்" என்றார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் ரஹமத்துல்லா கையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தேவைக்கு மேல் ஒரு திருகு கூடத் திருகினார்.

வீரபாகு மாட்டிக் கொடுத்த ரிக் வண்டிகள் கடையைத் தாண்டிப் போகும்போது டிரைவர் சீட்டிலிருந்து கரகரவென்று குரல் வரும். அன்றைக்கு ரஹமத்துல்லாவுக்குச் சாப்பாடு இறங்காது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போய் வரிசையில் நின்றால்கூட, அவன் ஏரியலை எங்கே பொருத்துகிறான் என்ற நினைப்பு வந்துவிடும். உடனே மனசுக்குள் மன்னிப்புக் கேட்பார். மறுபடியும் அதே நினைப்பு வரும்.

மனைவி ஷஹர்பானுவுக்கு இது நன்றாகத் தெரியும்.

"அவரு பேரு வந்தாலே உங்க காது செவந்துபோகுது" என்பாள். "கொழம்புல உப்புப் பத்தலேன்னாலும் வீரபாகுதான் காரணமா?"

"அவன் ஈயக்கோலத் தொட்டு எத்தனை வருசம் இருக்கும் தெரியுமா? பெட்டியத் தூக்கிட்டுத் திரியறான். வேல செய்யறது யாரோ."

"நீங்க போய்ப் பார்த்தீங்களாக்கும்?"

"பார்க்கணுமா?"

பார்க்காமலேயே அவருக்குத் தெரியும். பொறாமைக்காரர்களுக்கு எல்லாம் பார்க்காமலே தெரியும்.

இந்த நிலையில்தான் கந்தப்பன் கடைக்கு வந்தார். வேலூர் ரோட்டில் ஆபீஸ் வைத்து ஒரே ஒரு ரிக் ஓட்டிக்கொண்டிருந்தவர். நேர் எதிர்ப்புறம் அவருடைய பங்காளி சின்னண்ணனின் ஆபீஸ். சித்தப்பா மகன், வயதிலும் இளையவன். கிணற்றுப் பங்கில் தொடங்கிய பகை இப்போது ரோட்டைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க பாய், ஒயர்லெஸ் மாட்டுவீங்களா?" என்றார் கந்தப்பன், உட்காராமலே.

"மாட்டலாம் மொதலாளி. என்ன திடீர்னு?"

"திடீர்னு இல்லீங்க. நாலு மாசமா நெஞ்சு வேகுது." கந்தப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எதுத்தாப்பல அவன் பண்றதப் பாத்தீங்கனா உங்களுக்கும் வேகும். போர் போடோணும்னு ஆளு வந்து உக்காந்தா, ஒடனே அந்தக் கருமத்தக் கையில எடுத்து, 'வண்டி எங்க இருக்குது, எத்தனை அடி போச்சு, ஓவர்'ங்கறான். வந்தவன் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கறான். எத்தனை அடி போனா இவனுக்கென்ன? சும்மா கேக்கறானுங்க! எங்கூட்டு ஆளு டிவிஎஸ் ஃபிப்டிய எடுத்துக்கிட்டு வண்டியத் தேடிப் போறான். அவன் போயிச் சேர்றதுக்குள்ள வண்டி வேற காட்டுல நிக்குது."

"அவருக்கு மாட்டிக் குடுத்தது வீரபாகுங்களா?"

"அந்தாளுதான். அவங்கிட்ட நான் போவ மாட்டேன். அவன் குடுத்ததே எனக்கும் குடுத்தா, பங்காளி எச்சில நான் தின்ன மாதிரி. எனக்குப் பெருசா வேணும். அவன விடப் பெருசா."

ரஹமத்துல்லாவின் வயிற்றில் பல நாளாக எரிந்துகொண்டிருந்த இடத்தில் யாரோ குளிர்ந்த நீர் ஊற்றியது போல இருந்தது. இந்த ஒரு வண்டி சரியாக அமைந்தால் போதும். திருச்செங்கோட்டில் ரிக்குக்கு ஒயர்லெஸ் என்றால் சேலத்துக்குப் போக வேண்டியதில்லை, சங்ககிரி ரோட்டுப் பாயிடம் போனால் போதும் என்று ஆகிவிடும். அமையாவிட்டால் ஊரே வீரபாகு பக்கம் போகும். இந்த வேலையில் அவருக்கு இருந்த ஆதாயமும் ஆபத்தும் அதுதான்.

இருவரும் கோயம்புத்தூருக்குப் போனார்கள். கடைக்காரர் மேசை மேல் மூன்று விதமான செட் எடுத்து வைத்தார். ஒன்று கையில் பிடித்துப் பேசுவது. ஊருக்குள் பந்தோபஸ்துக்குச் சரி, ஜேடர்பாளையத்திலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் எட்டாது. இரண்டாவது பத்து வாட் செட், டிபன் பாக்ஸ் அளவு, நாலாபுறமும் மூடியது. மூன்றாவது இருபத்தைந்து வாட். பெரிய இரும்புப் பெட்டி, சூடு தணிக்கப் பின்னால் ஒரு சிறு விசிறி, முன்னால் பச்சை வெளிச்சத்தில் ஆடும் முள்.

"இதுல எது சின்னண்ணங்கிட்ட இருக்குது?" என்றார் கந்தப்பன்.

"நடுவுல இருக்கறது" என்றார் ரஹமத்துல்லா.

"அப்ப அது வேண்டாம்."

செட் வாங்குகிறவன் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அது எந்த இடத்தில் உட்காரப்போகிறது? வண்டி நிற்கும்போது கூப்பிடுவார்களா, ஓடும்போது கூப்பிடுவார்களா? கூப்பிட்டால் கேட்கப்போகிறவன் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பான்? லாரிக்கு ஒரு ஹார்ன் மாட்டுவதென்றால்கூட ரஹமத்துல்லா இப்படிப் பத்துக் கேட்பார், வண்டிக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பச்சை முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, "விசிறியோட இருக்கு மொதலாளி. வீரபாகு இதக் கண்ணால பார்த்திருக்க மாட்டான்" என்றார்.

ஆபீசுக்கு ஒன்று, ரிக்குக்கு ஒன்று என்று இரண்டு பெரிய செட் முடிவாயிற்று. டெல்லியிலிருந்து, பின்னால் ஒன்றைச் சேர்த்தாலும் செல்லும்படியாக, ஒயர்லெஸ் அனுமதி வந்து சேர ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. அந்த மாதங்களில் கந்தப்பன் தினமும் எதிர் ஆபீசைப் பார்த்துப் பார்த்து வெந்தார். ரஹமத்துல்லா ஏரியலை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்து வெந்தார். யோசனைக்குப் பலனும் கிடைத்தது.

ரிக் வண்டியின் பின்புறம் ஒரு இரும்புக் கோபுரம் உண்டு. மாஸ்ட் என்பார்கள். துளை போடும்போது அது நிமிர்ந்து நிற்கும். அதன் வழியாகத்தான் ராடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமிக்குள் இறங்கும். அந்த மாஸ்ட்டின் உச்சியில் ஏரியலைக் கட்டிவிட்டால்? ஏரியலுக்கு உயரம்தான் பலம். சின்னண்ணன் வண்டியில் ஏரியல் டிரைவர் கேபின் கூரையில், ஒரு முழம் நீளத்துக்கு, ஆட்டு வால் மாதிரி நின்றது. இது பனைமர உயரத்தில் நிற்கும்.

மாட்டினார். ஆபீஸ் மொட்டை மாடியில் போர் துளைக்குள் இறக்கும் கேசிங் பைப்புகளை ஒன்றின் மேல் ஒன்று வெல்டு வைத்து நிறுத்தி அதன் தலையில் ஆபீஸ் ஏரியல். ரிக்கில் செட்டை டிரைவர் கேபினுக்குள் வைக்க இடம் போதாமல், பின்னால் டூல் பாக்ஸ் பக்கத்தில் ஒரு தகரக் கூண்டு செய்து வைத்து, ஸ்பீக்கரையும் மைக்கையும் மட்டும் கேபினுக்கு இழுத்தார். வண்டி ஜேடர்பாளையத்தில் ஒரு கரும்புக் காட்டில் மாஸ்ட்டை நிமிர்த்தியது. ஆபீசிலிருந்து கந்தப்பன் கூப்பிட்டார். ரிக்கில் துளை போடும் டிரில்லரின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல வந்தது.

கந்தப்பன் ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார், ரோட்டைப் பார்த்து.

"எத்தனை அடி போச்சு? ஓவர்!"

"இப்பத்தானுங்க மாஸ்ட்டத் தூக்குனோம். இன்னும் போடவே இல்லீங்க. ஓவர்."

"பரவால்ல. சத்தமாச் சொல்லு. ஓவர்!"

ரஹமத்துல்லா அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மல்லிகைப்பூ வாங்கிப் போனார். ஷஹர்பானு பூவைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "வீரபாகுக்குக் காய்ச்சலாமா?" என்றாள்.

அடுத்த வாரமே காய்ச்சல் வேறு ஆளுக்கு வந்தது.

பள்ளிபாளையத்தில் சைசிங் மில் வைத்திருந்த ஒருவர் கந்தப்பன் ஆபீசுக்கு வந்தார். மில்லில் இருந்த போர் அன்று காலை வற்றிவிட்டது. தண்ணீர் இல்லாமல் பாவுக்குக் கஞ்சி போட முடியாது, தறிகள் நின்றுவிடும். இன்றைக்கே வண்டி வேண்டும். கந்தப்பனுடைய ரிக் ஜேடர்பாளையத்தில் வேலை முடித்து அப்போதுதான் கிளம்பியிருந்தது. அடுத்த வேலை பரமத்தியில், அவசரமில்லாதது. பாதி வழியில் கூப்பிட்டுத் திருப்பிவிட்டால் போதும்.

"உக்காருங்க. காப்பி குடிங்க" என்றார் கந்தப்பன். "ஒரு நிமிசத்துல வண்டியத் திருப்பறேன் பாருங்க."

கூப்பிட்டார். பச்சை முள் ஆடியது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். குரலை உயர்த்தினார். மைக்கைத் தட்டினார். மில்காரர் காப்பியைக் குடித்து முடித்தார். கந்தப்பன் எழுந்து நின்றுகொண்டு கூப்பிட்டார். ஸ்பீக்கர் ஜன்னலைப் பார்த்து வெறுமனே இரைந்துகொண்டிருந்தது.

மில்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "பொட்டி பெருசா இருக்குதுங்க" என்றார். எழுந்து ரோட்டைத் தாண்டி எதிர் ஆபீசுக்குப் போனார். அவர் உட்காருவதற்குள் சின்னண்ணன் மைக்கை எடுத்தது, பேசியது, தலையாட்டியது எல்லாம் இந்த ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சின்னண்ணன் வண்டியும் அப்போது ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ரஹமத்துல்லா விஷயத்தைக் கேட்ட உடனேயே புரிந்துகொண்டார். வண்டி ஓடும்போது மாஸ்ட் நிற்காது. மடங்கி, கேபின் கூரைக்கு மேல் நீட்டிப் படுத்துவிடும். அதோடு அவருடைய ஏரியலும் படுத்துவிடும். நிமிர்ந்த ஏரியல் நிமிர்ந்த ஏரியலோடுதான் தூரத்துக்குப் பேசும். படுத்தது அடுத்த தெருவோடு சரி. ரிக்காரர்கள் மனசில் ரிக் என்றால் மாஸ்ட் நிமிர்ந்த வண்டி. வண்டி நிறுத்தும் யார்டில் சோதித்ததும் நிமிர்த்தி வைத்து, காட்டில் சோதித்ததும் நிமிர்த்தி வைத்து. இருபது வருஷம் அந்த ரோட்டில் ரிக்குகள் மாஸ்ட்டைப் படுக்கப்போட்டுக்கொண்டு தன் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்தவருக்கு அது தோன்றவில்லை.

கந்தப்பன் கடை வாசலில் வந்து நின்றார்.

"பாய், எம்பட மானத்த ரோட்டத் தாண்டி நடக்க வெச்சுப்புட்டீங்க" என்றார் கந்தப்பன்.

அதோடும் முடியவில்லை. அந்த வாரக் கடைசியில் செட்டே ஊமையானது. தகரக் கூண்டைத் திறந்தால் உள்ளே எல்லாம் வெள்ளை. ரிக் ஓடும் இடத்தில் பாறைத்தூள் மாவு போலப் பறக்கும். ஆட்களின் புருவம்கூட வெளுத்திருக்கும். அந்த அருமையான விசிறி, தூளை இழுத்து இழுத்துச் செட்டின் வயிறு நிரம்ப ஊட்டியிருந்தது.

ரஹமத்துல்லா வீட்டுத் திண்ணையில் செட்டைப் பிரித்துப் போட்டுப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார். ஷஹர்பானு பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த சின்னண்ணன் வண்டியில எப்படி வெச்சிருக்காங்கன்னு ஒருநடை போய்ப் பாத்துட்டு வந்தா என்ன?" என்றாள்.

"அவன் செஞ்சதப் பாத்து நான் கத்துக்கணுமா?"

"கத்துக்க வேணாம். குத்தம் கண்டுபிடிக்கப் போங்க. அதுக்குன்னா ஓடுவீங்களே."

மறுநாள் குற்றம் கண்டுபிடிக்கப் போனார்.

சின்னண்ணன் ரிக் பள்ளிபாளையத்தில் அதே சைசிங் மில்லின் பின்புறம் இன்னொரு துளை போட்டுக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் இரைச்சல் காவிரிப் பாலத்திலேயே கேட்டது. டிரில்லர் மணியன் லீவரைப் பிடித்தபடி நின்றார். தலை முதல் கால் வரை சுண்ணாம்பு அடித்த சிலை மாதிரி. ரஹமத்துல்லா பக்கத்தில் போய்க் கத்தினாலும் அவர் காதில் விழவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். ராடு மாற்றும் நேரம் வந்து கம்ப்ரசர் காற்றை நிறுத்திய பின் பேச முடிந்தது.

"என்னங்க பாய், இங்க? கந்தப்பன் மொதலாளி வேவு பாக்க உட்டாரா?"

"நானாத்தான் வந்தேன். ஏரியலப் பார்க்கலாம்னு."

"பாருங்க சாமி, யாரு வேண்டாங்கறா. நாங்க ஒளிச்சு வெச்சாத் தானே."

கேபின் கூரையில் அந்த ஆட்டு வால் நின்றது. மாஸ்ட் படுத்தாலும் இடிக்காத மாதிரி ஒரு மூலையில், அளந்து பார்த்து வைத்தது போல. செட் டிரைவர் சீட்டுக்கு அடியில், மூடிய பெட்டிக்குள், தூளில்லாமல். ரஹமத்துல்லா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மணியன் லீவர் பலகையைக் காட்டினார். அங்கே கம்பிக் கூடு போட்ட ஒரு சிவப்பு விளக்கு.

"இது எதுக்கு?"

"பாறைய ஒடைக்கற ஹேமரு ஓடறப்ப மேல இருந்து சாமியே கூப்புட்டாலும் காதுல உழுகாதுங்க. ஆபீசுல கூப்புட்டா இது எரியும். காத்த நிறுத்திப்போட்டுப் போயிப் பேசுவேன்."

"யார் யோசனை?"

"என்ஜினியரு. மாட்டறதுக்கு முந்தி ரெண்டு நாளு எங்களோடயே கெடந்தாருங்க. அந்த வெள்ளைச் சட்டையோட வந்தாரா, போவறப்ப மாவு மில்லுக்காரன் மாதிரிப் போனாரு. நான் எங்க நிக்கறேன், எந்தப் பக்கம் பாக்கறேன், எப்ப பீடி குடிக்கறேன், எல்லாம் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. சம்சாரத்துக்குக்கூட அத்தனை பொறுமை கெடையாதுங்க."

ரஹமத்துல்லா சீட்டுக்கு அடியில் மறுபடி குனிந்தார். ஏரியல் கேபிள் செட்டில் சேரும் மூட்டைத் தடவிப் பார்த்தார். டேப் இல்லை. மெழுகு நூல். நெருக்கி நெருக்கிச் சுற்றி, கடைசிச் சுற்று முந்தைய சுற்றுக்கு அடியில் போயிருந்தது. வீரபாகு இடது கைக்காரன். சுற்று வலமிருந்து இடமாகப் போயிருந்தது. வேறு யாரையோ வைத்துச் செய்ததல்ல. அவன் கை.

இத்தனை காலமும் அவனிடம் பணம் இருப்பது, கண்ணாடிக் கதவு இருப்பது, என்ஜினியர் என்ற பேர் இருப்பது பொறுக்காமல் இருந்தார். அதற்கெல்லாம் அவரிடம் ஒரு மருந்து இருந்தது: வேலை என்னுடையதுதான் சுத்தம். பாறைத்தூளில் மண்டியிட்டு அந்த மூட்டைத் தடவியபோது அந்த மருந்து தீர்ந்துபோனது. இப்போது வந்தது முன்பு இருந்ததைவிட மோசமான பொறாமை. அவன் ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தான் என்பது அவருக்கு எதைவிடவும் கசந்தது. உட்கார்ந்து பார்ப்பது அவருடைய வழக்கம். அதைக்கூட அவன் வைத்துக்கொண்டிருந்தான்.

விளக்கு எரிகிற வரைக்கும் காத்திருந்தார். சாயங்காலம் ஒருமுறை எரிந்தது. மணியன் காற்றை நிறுத்தினார், நடந்தார், பேசினார், திரும்பி வந்தார். அதில் குற்றம் சொல்ல அப்போது ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் சேலத்தில் வீரபாகு கடையின் கண்ணாடிக் கதவை எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். உள்ளிருந்து வீரபாகுவே இழுத்துத் திறந்தான்.

"வாப்பா ரஹமத்து. மாஸ்ட் உச்சியில ஏரியல் கட்டுனியாமே?"

ஊர் முழுக்கத் தெரிந்துதான் இருந்தது.

"கட்டினேன். இப்ப பத்து வாட் செட் ஒண்ணு வேணும். மூடுன பெட்டியோட."

வீரபாகு அலமாரியைத் திறக்காமல் நின்றான். சிரிக்கப் போகிறான் என்று ரஹமத்துல்லா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நானும் மொதல்ல அங்கதான் கட்டினேன்" என்றான் வீரபாகு. "சின்னண்ணனுக்கு முன்னால, ஆத்தூர்ப் பக்கம் ஒரு வண்டிக்கு. வெளிய யாருக்கும் தெரியாது. ரோட்டுல போறப்ப செத்துப்போச்சு. அந்த ஆள் என்னைக் கடைக்கு வந்து திட்டின திட்டு இருக்கே! அதுக்கப்புறந்தான் போய் வண்டியோட உட்கார ஆரம்பிச்சேன்."

பல மாதங்களில் வீரபாகுவைப் பற்றி ரஹமத்துல்லா கேட்ட செய்திகளில் வயிற்றுக்கு இதமாக இருந்தது அது ஒன்றுதான். ஆனால் அதையும் அவனே சொன்னான் என்பது இதத்தில் பாதியைக் கெடுத்தது. செட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

கந்தப்பன் ஆபீசில் செட்டை மேசை மேல் வைத்ததும் அவர் முகம் கறுத்தது.

"இது அவனுதாச்சே!"

"அதேதான் மொதலாளி. ரிக்குக்குச் சரியான செட் இதுதான். நம்ம ஆபீஸ் ஏரியல் உசரம் இருக்கு. பேசறதுக்கும் கேக்கறதுக்கும் அது போதும். வண்டியில பெருசு தேவையில்ல. முந்தி நான் சொன்னது தப்பு."

"அப்ப அந்தப் பெரிய பொட்டி?"

"தூசியெல்லாம் தட்டிச் சுத்தம் பண்ணிட்டேன். பேசுது. உங்க ஜீப்புல மாட்டித் தாரேன். அங்க தூள் கிடையாது."

ஜீப் என்றதும் கந்தப்பன் முகம் கொஞ்சம் தெளிந்தது. சின்னண்ணனுக்கு ஜீப்பில் செட் இல்லை. ஆனாலும் உடனே ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

"ரிக்குல அவனுக்கு லைட்டு இருக்குதாமே?"

"ஆமாங்க. சிவப்பு லைட். நமக்கும் போடறேன்."

"அவனுக்கு எத்தனை?"

"ஒண்ணு."

"எனக்கு ரெண்டு போடுங்க."

"ரெண்டு எதுக்கு மொதலாளி? டிரில்லர் ஒருத்தர்தானே?"

"எதுக்கோ! அவனுக்கு ஒண்ணுன்னா எனக்கு ரெண்டு. இல்லீன்னா அந்தப் பொட்டியத் தூக்கிட்டுப் போங்க."

ரஹமத்துல்லா தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் இந்தத் தடவை செட்டை மாட்டுவதற்கு முன் கந்தப்பனுடைய ரிக்கோடு போனார். பரமத்திப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், மடித்த சாக்கைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். டிரில்லர் எங்கே நிற்கிறார், ராடு தூக்குகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள், யார் எப்போது எந்தப் பக்கம் திரும்புகிறார்கள். மூக்கு, காது எல்லாம் பாறைத்தூள். வீரபாகு உட்கார்ந்திருந்த மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு தூளைவிட அதிகமாக உறுத்தியது.

அந்த உறுத்தலோடு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. துளை ஓடும்போது டிரில்லரின் கண் விளக்கு இருக்கப்போகும் பலகையில் இருப்பதில்லை. அவர் குழியிலிருந்து வரும் தூளின் நிறத்தையே பார்க்கிறார். நிறம் மாறினால் பாறை மாறுகிறது என்று அர்த்தம். மணியன் வண்டியில் சாயங்காலம் வரை காத்திருந்தபோது, விளக்கு எரிந்து வெகு நேரம் கழித்துத்தான் மணியன் கவனித்தார் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. ஆனால் வண்டியின் மறுபக்கம் ராடு தூக்கும் ஆத்தூர் ஆள் ஒருவர், அடுத்த ராடுக்கு நேரம் வரும்வரை சும்மா வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு எதிரே ஒரு விளக்கு இருந்தால் அவர் பார்ப்பார். பார்த்தால் கையை ஆட்டுவார்.

வீரபாகு இதைப் பார்க்கவில்லை. ரெண்டு நாள் உட்கார்ந்தும் பார்க்கவில்லை. கந்தப்பனும் பார்க்கவில்லை, அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றைவிட இரண்டு பெரிது என்பது. ரஹமத்துல்லா சாக்கில் உட்கார்ந்தபடியே, பல் தெரியாமல், தனக்குள் சிரித்துக்கொண்டார். அது நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது.

அப்படித்தான் அந்தக் கைகள் இரண்டாவது தடவை கேபிளைச் சீவ ஆரம்பித்தன. ஏரியல் கேபின் கூரையின் மூலையில். அவன் வைத்த இடத்திலேயே, வேறு சரியான இடம் கிடையாது. செட் சீட்டுக்கு அடியில். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தில் துளி எடுத்து ஒரு ரிலேயை, அதாவது காந்த சுவிட்சை, இழுக்க வைத்து, அந்த ரிலேயிலிருந்து இரண்டு விளக்குகளுக்கு ஒயர்: ஒன்று லீவர் பலகையில், ஒன்று ராடு ஏற்றும் பக்கத்தில், நிற்கிற ஆளின் கண் மட்டத்துக்கு. இரண்டுக்கும் கம்பிக் கூடு. ஒவ்வொரு மூட்டிலும் மெழுகு நூல், இடமிருந்து வலமாக.

கடைசி மூட்டைக் கட்டி முடித்தபோது கந்தப்பன் ஜீப்பில் வந்து இறங்கினார். தன் ஆபீசுக்கு முன்னால், சின்னண்ணனுக்கும் தெரிகிற மாதிரி ரோட்டோரமாகவே ரிக்கை நிறுத்தச் சொல்லியிருந்தார் அவர். மாஸ்ட் மடங்கிப் படுத்திருந்தது.

"படுத்துக்கிட்டிருக்கறப்பவே பேசுமா?"

"பேசும். பேசிப் பாருங்க."

கந்தப்பன் பெரிய செட் மாட்டிய ஜீப்புக்குள் உட்கார்ந்து, மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வேலகவுண்டம்பட்டி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். ரஹமத்துல்லா ரிக்கின் பக்கத்தில் நின்றார். வேலை பார்க்கும் ஆட்கள் கம்ப்ரசரை ஓடவிட்டார்கள், சத்தத்தில் ஒன்றும் கேட்காதபடி. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு லீவர் பக்கத்து விளக்கும் ராடு பக்கத்து விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன. டிரில்லர் தூள் பக்கம் பார்ப்பது போலக் குனிந்தே இருந்தார். மறுபக்கத்தில் ஆத்தூர்க்காரர் கையை ஆட்டினார்.

எதிர் ஆபீஸ் வாசலில் சின்னண்ணன் வெளியே வந்து நிற்பது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஓர் ஆள், கையில் பெட்டியோடு. ஏதோ ரிப்பேருக்கு வந்திருக்க வேண்டும். வீரபாகு ரோட்டைத் தாண்டவில்லை. கையைப் புருவத்தின் மேல் வைத்து, இரண்டாவது விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ரஹமத்துல்லா அவனைப் பார்க்காதவர் போல முதுகைத் திருப்பிக்கொண்டார்; விளக்கு மறையாதபடி ஓரமாக நகர்ந்தும் கொண்டார்.

ஜீப் திரும்பி வந்தது. கந்தப்பன் இறங்கி வந்து, ரிக்கிலிருந்தும் தானே பேசிப் பார்க்கக் கையை நீட்டினார். ரஹமத்துல்லா ரிக் செட்டின் மைக்கை வேட்டி முனையால் ஒருமுறை துடைத்து, ஒயரில் முறுக்கு இல்லாமல் பார்த்து, அவர் கையில் கொடுத்தார்.